இருமல் சிரப்பா, எல்ஹெச் ஸ்ட்ரிப்பா?

குழந்தைக்கு முயற்சிக்கும்போது குவைஃபெனசின் (சளியை இளக்கும் மருந்து) கலந்த இருமல் சிரப் குடித்தால் கர்ப்பப்பை வாய்ச் சளி இளகி விந்தணு நீந்த வழிவிடும் என்பார்கள். இதற்கு அடிப்படை 1982-இல் வந்த சிறிய ஆய்வு: 40 தம்பதிகள், 200 மி.கி. தினம் மூன்று வேளை, ஒப்பிட மருந்தில்லாத குழு இல்லை. உறுதியான சான்று என்று இதைச் சொல்ல முடியாது.

வேலூர் காந்தி ரோட்டு மருந்துக் கடையில் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பல சிரப்களில் 5 மில்லிக்கு குவைஃபெனசின் 50 மி.கி., கூடவே மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்புடலின் 1.25 மி.கி. இருக்கும். 200 மி.கி. கணக்குக்கு 20 மில்லி குடித்தால் டெர்புடலின் 5 மி.கி. உள்ளே போகும், படபடப்பு, கை நடுக்கம் வரும். அலர்ஜி மருந்தான குளோர்பெனிரமின் இருந்தால் இன்னும் மோசம், அது சளியை உலர்த்தும்.

எல்ஹெச் என்பது முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் உயரும் ஹார்மோன்; அதைச் சிறுநீரில் காட்டும் பட்டைதான் எல்ஹெச் ஸ்ட்ரிப். அது சளியைத் தொடாது, சேர வேண்டிய நாள் எது என்று காட்டும். எங்கள் ஓட்டு இதற்கே. 28 நாள் சுழற்சி என்றால், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 11-ஆம் நாளிலிருந்து, தினமும் ஒரே நேரத்தில், மதியத்துக்கு மேல் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறையுங்கள். நீர்த்த சிறுநீரில் கோடு மங்கும். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டளவு அடர்ந்தால் 24-36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அன்றும் மறுநாளும் சேருங்கள். கத்திரி வெயிலில் ஸ்ட்ரிப்பை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் கெடும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் ஸ்ட்ரிப் பொய்யாகவும் அடர்த்தி காட்டும்.

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், தாண்டினால் ஆறு மாதம் பார்த்தும் கரு தங்கவில்லையென்றால் இருவரும் மருத்துவரிடம் போங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.