குர்தியப் பகுதிகளின் ஆட்சிமுறை: ஒரு மாலை வகுப்பு பற்றிய மதிப்பீடு

துருக்கி, ஈராக், சிரியா, ஈரான் ஆகிய நாடுகளில் பரவி வாழும் குர்திய மக்களின் ஆட்சிமுறை பற்றி, சிங்கப்பூரின் பிராஸ் பசா வட்டாரத்தில் நான்கு வாரம் நடைபெற்ற இவ்வகுப்புக்கு 120 வெள்ளி கட்டினேன்; முதல் நாள் ஒலிவாங்கி பழுதாகி அரைமணி நேரம் வீணானதைத் தவிர, அத்தொகைக்காக வருந்தவில்லை.

ஈராக்கியக் குர்திஸ்தானைப் பற்றிய இரண்டாம் வகுப்பே சிறந்தது. 1992இல் முதல் தேர்தலை நடத்தி, 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பின்வழித் தன்னாட்சிப் பகுதியாக ஏற்கப்பட்ட அந்நிலம், 2017 செப்டம்பர் வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் தனிநாட்டை ஆதரித்தும், அடுத்த மாதமே எண்ணெய் வளமிக்க கிர்குக் நகரை பாக்தாத் மைய அரசின் படைகளிடம் இழந்த கதையை ஆசிரியர் நிதானமாக விளக்கினார். அப்பகுதியின் எர்பில், சுலைமானியா நகரங்களில் வேரூன்றிய இரு கட்சிகளின் போட்டியும், பாக்தாத்துடனான நிதிப் பூசலால் அரசு ஊழியர் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போவதும், சம்பளம் ஒருநாள் தாமதித்தாலே முகம் சுளிக்கும் எங்களுக்கு நன்றாகவே உறைத்தன.

குர்தியப் புத்தாண்டைக் குறிக்கும் ‘நவ்ரோஸ்’ என்ற ஒரே சொல்லை அவர் பலகையில் அரபு எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் எழுதிக்காட்டினார். லத்தீன் வடிவிலுள்ள ‘டபிள்யூ’ துருக்கிய அரிச்சுவடியில் இல்லாததால், பல்லாண்டுகள் துருக்கியின் அலுவல் வழக்கில் அவ்வெழுத்துக்கு இடமில்லையாம். நான்கு மொழிப் பெயர்ப்பலகைகளுக்குப் பழகிய என் கண்ணுக்கு அது விந்தைதான்.

வடகிழக்குச் சிரியாவில் ஆணும் பெண்ணும் இணைத்தலைவர்களாகப் பதவி வகித்துவந்த முறைக்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கியிருக்கலாம். ஈரானுக்கோ பத்தே நிமிடம். சனந்தஜ் நகரின் பெயரைச் சொன்னதோடு சரி. கையேடும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது.