ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோ: விளையாடுகிறவர்கள் இங்கே வாருங்கள்

முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கும் ஏசிஎல் என்ற லிகமென்டுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, பிசியோவைத் திண்டுக்கல்லிலேயே பார்த்துக்கொள்ளலாமா, இல்லை மதுரை, கோயம்புத்தூர் என்று அலைய வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அலைய வேண்டாம். இந்த சென்டருக்கே வாருங்கள். மறுபடி களத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் கட்டாயம் வாருங்கள். 5க்கு 4 போட்டிருக்கிறேன். குறைத்த ஒன்று எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கபடி ஆடுகிறவள், லெஃப்ட் கார்னர். வேலை, தனியார் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். ஒரு மேட்சில் ரைடரின் கணுக்காலுக்குப் பாயும்போது ஊன்றிய இடது கால் மேட் விரிப்பில் அப்படியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் என்மேல் மோதவில்லை. ஏசிஎல் பல நேரம் இப்படித்தான் அறுகிறது, மோதலே தேவையில்லை. ராத்திரிக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் ஏசிஎல் முழுசாக அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து அந்த இடத்தில் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

அதற்குப் பிறகு முதலில் போனது வேறொரு இடம். படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி பேட் ஒட்டி, கரன்ட் மெஷினைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடித்தால் கழற்றுவார்கள். வலி கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் என் தொடை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது, அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

இங்கே வந்த அன்று பிசியோ மேடம் மெஷின் பக்கமே போகவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை வரி வரியாகப் படித்தார். எங்கிருந்து கிராஃப்ட் (மாற்றி வைத்த தசைநார்) எடுத்தார்கள், மெனிஸ்கஸில், அதாவது முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பில், தையல் உண்டா என்று கேட்டார். தையல் போட்டிருந்தால் எவ்வளவு மடக்கலாம், எப்போது முழு எடையையும் கொடுக்கலாம் என்ற கணக்கு மாறிவிடுமாம். எனக்குத் தையல் இல்லை. அப்புறம் டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார், கோணமானியை வைத்து முட்டி எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். வரும்போதெல்லாம் அந்த நோட்டையும் கொண்டுவர வேண்டும்.

அன்று செய்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டிக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தார். "என் கையை நசுக்கு பாப்பா" என்றார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். இடுப்பு தூக்கியது, கால் விரல்கள் மடங்கின, தொடை மட்டும் அசையவே இல்லை. என் உடம்பில் ஒரு தசை என் பேச்சைக் கேட்காது என்பதை அன்றுதான் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் பதறவில்லை. முட்டியில் வீக்கம் இருக்கும்வரை தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கும், உன் முயற்சியில் குறை ஒன்றும் இல்லை என்றார். நல்ல காலில் முதலில் செய்யச் சொல்லி, தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மறுபடி இடது கால். முட்டிச் சில்லுக்கு மேலே, உள்பக்கமாக, லேசாக ஒரு துடிப்பு. "வந்துருச்சு பாரு" என்று என்னைவிட அவர் சத்தமாகச் சொன்னார்.

வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: கால் மடங்குதா? எப்போ சம்மணம் போடுவ? மேடம் முதலில் பார்த்தது மடங்குவதை அல்ல, நீள்வதை. முட்டி முழுசாக நீளாமல் போனால் நடையில் நொண்டல் நிலைத்துவிடும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம். அதனால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுகமாக இருக்கிறதே என்று அப்படித் தூங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதுமே என்று கேட்ட என் பெரியம்மாவையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. முழங்கால் பொம்மையை எடுத்து, அறுந்த லிகமென்ட் எவ்வளவு உள்ளே இருக்கிறது, மேலே தேய்ப்பது ஏன் அங்கே எட்டாது என்று நிதானமாகக் காட்டினார். பெரியம்மா அதற்குப் பிறகு எண்ணெய்ப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த சென்டரை நான் இவ்வளவு தூரம் சொல்வதற்குப் பெரிய காரணம், வலி போன பிறகு அவர்கள் நடந்துகொள்ளும் விதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, படி ஏறுகிறோம், சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் வைத்த தசைநார் முதல் சில மாதங்களில், வைத்த நாளில் இருந்ததைவிட பலவீனமாகி, புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, அப்புறம்தான் மெல்ல லிகமென்ட் மாதிரி மாறுகிறது. அந்தச் சமயத்தில்தான் பொங்கல் டோர்னமென்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் முடியாது என்றார். எங்கள் கோச்சுக்கு அவரே போன் போட்டுப் பேசினார். ஆபரேஷனிலிருந்து 9 மாதம் ஆகும்வரை விளையாட்டை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடும் வீதம் பாதியளவு குறைந்தது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லி விளக்கினார். கோச்சுக்குப் புரிந்த உதாரணமும் ஒன்று சொன்னார். கபடி வீரர் பவன் செஹ்ராவத் 2022 அக்டோபரில் புரோ கபடி அணியான தமிழ் தலைவாஸுக்கு ஆடிய முதல் மேட்சிலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க உட்கார்ந்தார். அடுத்த அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கேப்டனாக நின்று தங்கம் வாங்கினார். கோச் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

9 மாதம் முடிந்தால் மட்டும் விட்டுவிடவும் மாட்டார்கள். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லித் தூரத்தை அளப்பார்கள். அடிபட்ட கால் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். தூரம் மட்டும் போதாது, இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, செல்போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். ஏசிஎல் அறுவது பெண் பிள்ளைகளுக்கு அதிகம், இந்த உள்சாய்வும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்போது என் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார்ம்அப்பில் குதித்து இறங்கும் பயிற்சியை நான் சேர்த்துவிட்டேன்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய். பெல்ட், பிரேஸ், கிரீம் என்று எதையும் தலையில் கட்டுவதில்லை. வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி, தினமும் வராதே, ஒருநாள் விட்டு வா என்று அவர்களே சொல்வார்கள். பெண்களுக்குத் தனியாகத் திரை உண்டு. சாயங்காலம் கூட்டம், மேடமும் ஒரு உதவியாளரும் மட்டும்தான், காத்திருக்கத்தான் வேண்டும். முடிந்தால் காலையில் வாருங்கள்.

குறை, அந்த மாடிப்படி. சென்டர் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. படி குறுகல். கைப்பிடி பாதிவரை ஒரு பக்கம்தான், திருப்பத்துக்கு மேலே அதுவும் இல்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று மேடம் சொல்லித்தந்தது சரி, ஆனால் வாக்கரோடு வருகிறவருக்குப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. முதல் சில வாரங்களுக்குக் கூட ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள். கட்டட உரிமையாளரிடம் பேசியிருப்பதாக மேடம் சொன்னார். இரண்டு பக்கமும் மேல்வரை கைப்பிடி போட்டுவிட்டால் நானே வந்து இதை 5 ஆக்கிவிடுகிறேன்.