இரண்டாம் கையாக ரெசின் பொம்மை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பந்து மூட்டு பொம்மையை இன்னொருவரிடமிருந்து வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் 950 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கியது போலி. அது தெரியவே ஐந்து மாதம் ஆனது.

1999ல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி என்ற பொம்மையைக் கொண்டுவந்த பிறகு பரவிய ஆசை இது. அப்புறம் கொரியாவிலும் பல நிறுவனங்கள் வந்தன. ரெசின் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களை உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். கண், விக், கை, முகத்து வண்ணம் எல்லாவற்றையும் மாற்றலாம். செலவு ஏறுவதும் அதில்தான். உடம்பு வாங்கியதோடு நிற்காது. ஒரு ஜோடிக் கண், ஒரு விக் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக ஆர்டர் செய்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு. அதனால்தான் பலர் இரண்டாம் கையாக வாங்குகிறார்கள்.

நான் ஆசைப்பட்டது 60 செ.மீ. கொரிய பொம்மை. குறைந்த எண்ணிக்கையில் வந்து விற்று முடிந்தது. விற்றவர் எங்கள் பொம்மை ஆர்வலர் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தவர். அசல் என்பதற்கான சான்றிதழ் கேட்டேன், வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்றார். தலையின் பின்மூடியைக் கழற்றி உள்பக்கம் படம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு புதுப் பெண் இதையே கேட்டு, "நம்பிக்கை இல்லையென்றால் வாங்காதே" என்று ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பேச்சு வேண்டாமென்று இருந்தது. "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்" என்றதும், அவர் சொன்னபடியே பேபாலில் நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பிவிட்டேன். பொருளுக்கான பணமாக அனுப்பினால் நாற்பது வெள்ளி சொச்சம் கட்டணம் என் தலையில் விழும் என்றார்.

பிறகு முகத்துக்கு வண்ணம் தீட்ட ஜொகூரில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தலையை அனுப்பினேன். அவர் தொடாமலே திருப்பி அனுப்பினார். இது ரீகாஸ்ட், அதாவது அசலைப் பார்த்து வார்த்த போலி, இதில் கைவைக்க மாட்டேன் என்றார்.

தோழியிடம் இருந்த அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது ஒரு மயிரிழை சின்னது. அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து வார்ப்பதால், ரெசின் இறுகும்போது சுருங்கிவிடுகிறது. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை தேய்க்காமல் விட்ட அச்சுக் கோடு. உள்பக்கம் ஊசிமுனை அளவு குமிழிகள். அசலின் கையை இதில் மாட்டிப் பார்த்தோம், மணிக்கட்டில் சரியாக உட்காரவில்லை.

விற்றவர், "நானும் அசல் என்றுதான் வாங்கினேன்" என்று முடித்துக்கொண்டார். பொருளுக்கான பணமாக அனுப்பியிருந்தால் பேபாலில் 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்கலாம். அன்று எனக்கு 151ஆவது நாள். நண்பருக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை.

குழுவில் படத்தோடு சொன்னேன். போலியின் படம் இங்கே போடக்கூடாது என்று நீக்கச் சொன்னார்கள். போலியை எதிர்ப்பது சரிதான். சிற்பம் செதுக்கியவரின் உழைப்பைத் திருடுவது அது. ஆனால் தெரிந்தே வாங்கியவரையும் ஏமாந்தவரையும் ஒரே தராசில் வைத்தால் யார் வாய் திறப்பார்கள்? அன்றிரவு இருவர் எனக்குத் தனியாக எழுதினார்கள். அதே ஆளிடம் அவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

தயவுசெய்து கேளுங்கள். வாங்கிய ரசீது, சான்றிதழ், தலையின் உள்பக்கம், காதுக்குப் பின்பக்கம், எல்லாவற்றுக்கும் பகல் வெளிச்சத்தில் படம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். கட்டணம் போனாலும் பொருளுக்கான பணமாகவே அனுப்புங்கள்.

என் பொம்மையைப் பாதி விலைக்காவது தள்ளிவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. நாளை அது எந்தக் கைக்குப் போனாலும் தெரியட்டும் என்று, தலையின் உள்பக்கம் அழியாத மையில் 'போலி' என்று எழுதி மூடிவிட்டேன்.