குறி ஒன்று, வேலை மூன்று: மேட்டூர் நீர்மட்டப் பெட்டிக்கு லிட்டா, ஸ்டென்சிலா, ஃபாஸ்ட்டா?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சின்ன அளவில் இணையதளம் செய்து கொடுப்பவர்களுக்கு ஜூன் நெருங்கினாலே இந்தக் கோரிக்கை வந்துவிடும்: "முகப்புல மேட்டூர் நீர்மட்டம் தெரியணும் சார்." ஜூன் 12 அன்று அணை திறப்பார்களா என்பதில்தான் குறுவையே இருக்கிறது. கேட்பவர் உரக்கடைக்காரராக இருக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருக்கலாம், உள்ளூர்ச் செய்தித் தளமாகவும் இருக்கலாம். ஒருவருடையது பழைய பிஎச்பி, இன்னொருவருடையது வேர்ட்பிரஸ், மூன்றாமவருடையது ரியாக்ட். ஒரே பெட்டியை மூன்று விதமாக எழுதுவதைவிட எந்தத் தளத்திலும் ஒரு டேக்காகப் போடக்கூடிய வெப் காம்பொனென்ட்டாக ஒருமுறை எழுதிவிடுவது மேல். எதை வைத்து எழுதுவது என்பதில்தான் குழப்பம்.

பெட்டிக்குள் இன்றைய மட்டம், முழு உயரமான 120 அடி, நீர் இருப்பு, வரத்து, திறப்பு எல்லாம் இருக்க வேண்டும். கீழே கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று எதில் எத்தனை கன அடி போகிறது என ஒரு பட்டியல். மட்டம் முழு உயரத்தைத் தொட்டால் பெட்டி சிவப்பாக வேண்டும்.

நூலகமே இல்லாமல் எழுத முடியுமா? முடியும். டேக்குக்குள் எழுதும் எந்த ஆட்ரிபியூட்டைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்து, அது மாறும்போது ஓடும் கால்பேக்கை எழுதினால் போதும். ஆனால் ஆட்ரிபியூட் வழியாக வருவதெல்லாம் சரம்தான், அதாவது எண் அல்ல, வெறும் எழுத்து வரிசை. மட்டம் "98", முழு உயரம் "120" என இரண்டும் சரமாக வந்தால், ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து எழுத்தாக ஒப்பிடும். 9 என்பது 1ஐவிடப் பெரிது, ஆகவே 98 பெரிது என்று சொல்லிவிடும். அணையில் 98 அடி இருக்கும்போதே பெட்டி சிவந்து நிற்கும். கொள்ளிடக் கரையில் இருப்பவர் அதைப் பார்த்தால் என்ன ஆகும்! இதையெல்லாம் கையால் சரிசெய்துகொண்டே போனால் கடைசியில் நாமே ஒரு குட்டி நூலகம் எழுதி முடித்திருப்போம்.

டெக்கரேட்டர் (கிளாஸுக்கோ மாறிக்கோ கூடுதல் வேலை சேர்க்கும் '@' குறி) நூலகங்கள் வருவது இந்த இடத்தில்தான். லிட், ஸ்டென்சில், ஃபாஸ்ட் மூன்றிலும் கோடு (code) பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: கிளாஸ் மேலே ஒரு '@', ஒவ்வொரு மாறி மேலேயும் ஒரு '@'. அந்தக் குறி எப்போது, எங்கே வேலை செய்கிறது என்பது மட்டும் மூன்றிலும் வேறு. இதைப் பார்க்காமல் கிட்ஹப் நட்சத்திரத்தை எண்ணித் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம்.

லிட், கூகுளின் பாலிமர் குழுவிலிருந்து வந்தது. 2021இல் இரண்டாம் பதிப்பு, 2023இல் மூன்றாம் பதிப்பு. சுருக்கிய பிறகு சுமார் 5 கேபிதான். இதில் டெக்கரேட்டர் வேலை செய்வது உலாவியில், கிளாஸ் உருவாகும் நேரத்தில். ஒவ்வொரு ப்ராபர்ட்டிக்கும் (கிளாஸில் உள்ள மாறி) படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் வைக்கிறது. மதிப்பு மாறியதும் செட்டர் 'திரும்ப வரை' என்று சொல்கிறது. மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் மாற்றினாலும் மூன்று தடவை வரையாது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ஒரு லாரி அனுப்பாமல் லோடு சேர்ந்ததும் எடுப்பது போல, மொத்தமாக ஒரே முறை வரைந்துவிடும்.

உலாவியில் ஓடுவதால், அதற்கு முன்பே நீக்கப்பட்டுவிடும் டைப்ஸ்கிரிப்ட் வகைகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. மட்டத்துக்கு நம்பர் என்று வகை எழுதியிருந்தாலும், டெக்கரேட்டருக்குள் டைப் நம்பர் என்று தனியாகச் சொல்லாவிட்டால் அந்தப் பழைய 98 கதைதான்.

லிட்டில் பெரிய பொறி இன்னொன்று. எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் திரையைக் காட்டி, "அண்ணே, கன்சோல்ல நம்பர் மாறுது, பொட்டியில மாறலைண்ணே" என்றான். கோடில் ஒரு தப்பும் இல்லை. டைப்ஸ்கிரிப்ட் டார்கெட்டை (எந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்ற அமைப்பு) இஎஸ்2022க்கு ஏற்றியிருந்தான். அப்படி ஏற்றினால் கிளாஸ் ஃபீல்டு நேராக ஆப்ஜெக்ட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். லிட் வைத்த செட்டர் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். டெவலப்மென்ட் பில்டில் (சோதனைக்கான வடிவம்) லிட்டே இதைச் சொல்லிவிடும், ப்ரொடக்‌ஷன் பில்டில் சத்தமே இருக்காது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ப்ரொடக்‌ஷன் பில்டு. யூஸ்-டிஃபைன்-ஃபார்-கிளாஸ்-ஃபீல்ட்ஸ் என்கிற நீளப் பெயர் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகிவிடும். இல்லையென்றால், லிட் மூன்றில் புதிய முறை டெக்கரேட்டருடன் ஆக்ஸசர் என்ற சொல்லைச் சேர்த்து எழுதலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாளைக்கு யாரும் தேட வேண்டாம்.

ஸ்டென்சில், அயானிக் குழு 2017இல் கொண்டுவந்தது. இது நூலகம் என்பதைவிட, எழுதியதை உலாவிக்கு ஏற்றபடி முன்கூட்டியே மாற்றித் தரும் கம்பைலர். '@' குறியைக் கம்பைலர் படித்துவிட்டு அழித்துவிடும். உலாவிக்கு டெக்கரேட்டரே போகாது. அதனால் டைப்ஸ்கிரிப்ட் வகை அதற்குத் தெரியும். நம்பர் என்று எழுதினாலே சரத்தை எண்ணாக்கிக் கொடுத்துவிடும், 98 சிக்கல் பிறப்பதேயில்லை. இரண்டு சொல் சேர்ந்த ப்ராபர்ட்டி பெயரை ஆட்ரிபியூட்டில் நடுவே சிறுகோடு (-) போட்டுப் பிரித்தும் தரும். லிட் அதையே சின்ன எழுத்தில் ஒட்டி எழுதும். இந்தச் சின்ன வித்தியாசத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழைய பக்கங்களில் உள்ள டேக்கெல்லாம் வாய் மூடிக்கொள்ளும். ஈவென்ட்டும் அப்படித்தான். ஸ்டென்சில் அனுப்பும் ஈவென்ட், காம்பொனென்ட்டின் உள்பகுதியைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ எல்லையைத் தானாகவே தாண்டும். லிட்டில் கஸ்டம் ஈவென்ட்டுக்கு பபிள்ஸ், கம்போஸ்ட் இரண்டையும் நாம்தான் ட்ரூ என்று கொடுக்க வேண்டும்.

இவ்வளவு வசதிக்கும் விலை பில்டு, அதாவது அந்த மாற்றும் வேலைதான். வழக்கமான லேசி முறையில் ஒரு கோப்புக்குப் பதில் ஒரு ஃபோல்டரே கிடைக்கும். லோடர் ஓடி, பக்கத்தில் டேக்கைப் பார்த்த பிறகு அதற்கான துண்டை இழுத்து வரும். உரக்கடைக்காரரின் தளத்தைப் பராமரிப்பவர் கோப்பு மேலேற்றத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவரிடம் ஃபோல்டரைக் கொடுத்தால் பாதியை விட்டுவிட்டு ஏற்றுவார். தனித்தனி கஸ்டம் எலிமென்ட்டாக எடுக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்குப் பிறகு பண்டிலிங் (துண்டுகளை ஒரே கோப்பாக்குவது) நம் தலையில்.

ஃபாஸ்ட், மைக்ரோசாஃப்ட்டினுடையது. டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு இடத்தையும் குட்டி ஆரோ ஃபங்ஷனாக எழுத வேண்டும். எந்த இடம் எந்த மதிப்பைப் படித்தது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும், மாறினால் அந்த இடம் மட்டும் புதுப்பிக்கப்படும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் எங்கள் பக்கம் அதைத் தொட்டவர் யாரையும் பார்த்ததில்லை, மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் வேண்டாமா? நீர்மட்டப் பெட்டிக்கு அது வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஷேடோ டாம் இருந்தால் எழுத்துரு விஷயத்தைக் கவனியுங்கள். காம்பொனென்ட் ஸ்டைலுக்குள் ஃபான்ட்-ஃபேஸ் எழுதினால் எடுபடாது. பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். அங்கே எழுதிவிட்டால் ஃபான்ட்-ஃபேமிலி தானாக உள்ளே இறங்கும். லிட்டில் ஷேடோ இயல்பாகவே இருக்கும், ஸ்டென்சிலில் நாம் கேட்டால்தான் வரும். பட்டியலில் ஒரு வாய்க்காலைச் சேர்க்கப் பழைய அரேயிலேயே புஷ் செய்தால் லிட், ஸ்டென்சில் இரண்டுமே அசையாது. புது அரே கொடுங்கள்.

என் ஓட்டு லிட்டுக்கு. ஒரே கோப்பாக்கி, ஒரு ஸ்கிரிப்ட் டேக்காகக் கொடுத்துவிடலாம். பில்டே வேண்டாம் என்கிற இடத்தில் டெக்கரேட்டரை விட்டுவிட்டு ஸ்டாட்டிக் ப்ராபர்ட்டீஸ் முறையில் எழுதி, ஆரம்ப மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் போட்டால் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டாகவே ஓடும். ரியாக்ட் 19க்கு வந்துவிட்ட தளத்தில் அதே டேக்கை நேராகப் போடலாம். அதற்கு முந்தைய ரியாக்ட் என்றால் எல்லாவற்றையும் ஆட்ரிபியூட்டாகவே தள்ளும், லிட்டின் ரியாக்ட் உறையை (wrapper) சுற்ற வேண்டியிருக்கும். ரியாக்ட், ஆங்குலர், வியூ மூன்றுக்கும் சேர்த்து ஐம்பது அறுபது காம்பொனென்ட் செய்து தரச் சொல்லி யாராவது வந்தால், உறைகளைத் தானே எழுதித் தருகிற ஸ்டென்சிலைத்தான் கையில் எடுப்பேன்.