ஈக்விப்பா, எஃப்எஸ்ஏ கடனா: பணம் எப்போது கைக்கு வரும்?

அமெரிக்காவில் சின்ன அளவில் விவசாயம் பார்ப்பவர்கள் அரசுத் திட்டங்களைத் தேட ஆரம்பித்ததும் கேட்கிற முதல் கேள்வி, எதில் அதிகம் கிடைக்கும் என்பது. அதைவிட, பணம் வேலைக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று கேட்பதுதான் உருப்படியானது.

அமெரிக்க வேளாண் துறையின் (யுஎஸ்டிஏ) இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்ஆர்சிஎஸ் நடத்தும் ஈக்விப் மண், நீர்ப் பாதுகாப்புக்கான உதவித்தொகைத் திட்டம். திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் முதலில் உங்கள் கைக்காசைப் போட்டு வேலையை முடித்து, அவர்கள் பார்த்து, சொன்ன தரத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம். அதுவும் உங்கள் பில்லுக்கு இல்லை, வழக்கமாக ஆகும் செலவு என்று அவர்களே போட்டு வைத்திருக்கும் கணக்குக்கு. பலரும் கேட்கும் ஹை டனலையே, அதாவது பயிர் வளர்க்க பாலிதீன் போர்த்திய வளைவுக் கூடாரத்தையே பாருங்கள். கிடைத்த பைப்பை வளைத்து, பாலிதீனை மாட்டி நீங்களே கட்டினால் செல்லாது, கம்பெனி தயாரித்து விற்கும் கிட்டாகத்தான் (முழு பாகத் தொகுப்பாக) வாங்க வேண்டும். உள்ளே தொட்டியிலோ மேசை மேலோ வளர்க்க முடியாது, மண்ணில் நட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே ஆர்வக் கோளாறில் வேலையைத் தொடங்கிவிட்டால், பொதுவாக அந்தக் காசு போனதுதான்.

அதே துறையின் பண்ணைச் சேவைப் பிரிவான எஃப்எஸ்ஏ தரும் கடன் இதற்கு நேரெதிர். பணம் முன்னாலேயே வரும், வட்டியும் அடமானமும் கூடவே வரும். சின்ன விவசாயிக்கு ஏற்றது மைக்ரோலோன் என்ற சிறு கடன்தான்: 50,000 டாலர் வரை, காகித வேலையும் குறைவு. விதை, உரம், கருவிகள், ஏன், ஹை டனலுக்கே கூட வாங்கலாம். ஒரு விசித்திரம், வெளியில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கிறவருக்கு இங்கே கிடைக்காது. கருவி போன்றவற்றுக்கு என்றால் 7 வருடத்துக்குள் கட்ட வேண்டும், விதை, உரம் போன்ற நடப்புச் செலவுக்கு அதைவிடச் சீக்கிரம். நிலம் வாங்க என்றால் 25 வருடம் வரை தருவார்கள், ஆனால் பண்ணையை நடத்திய அனுபவம் கேட்பார்கள்.

சிஆர்பி என்று ஒன்றும் உண்டு. நிலத்தை 10 முதல் 15 வருடம் பயிரிடாமல் விட்டால் ஆண்டு வாடகை தருவார்கள். இருப்பதே ரெண்டு ஏக்கர் என்றால் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், நிலத்தில் நிலைத்து நிற்கிற வேலைக்கு ஈக்விப், பருவத்துக்குப் பருவம் ஆகிற செலவுக்குக் கடன். கடனை வாங்கி ஹை டனல் போட்டுவிட்டு அப்புறம் ஈக்விப் கேட்கப் போவது தலைகீழ் வேலை. முதலில் ஈக்விப் ஒப்பந்தம், பிறகு இடையில் விழும் துண்டுக்கு மைக்ரோலோன். விவசாயத்துக்கு வந்து 10 வருடம் தாண்டவில்லை என்றால் அந்தக் கடனே தேவைப்படாமல் போகலாம், ஏனென்றால் புதிய விவசாயிகளுக்கு ஈக்விப்பிலேயே பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கும் வசதி இருக்கிறது. வாங்கினால் 90 நாளுக்குள் செலவழித்தாக வேண்டும்.

இரண்டு அலுவலகமும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில், யுஎஸ்டிஏ சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். நிலப் பத்திரமோ குத்தகை ஒப்பந்தமோ எடுத்துக்கொண்டு போய் முதலில் எஃப்எஸ்ஏவில் உங்கள் நிலத்தைப் பதிந்து பண்ணை எண் வாங்குங்கள். அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தையும் ஈரநிலத்தையும் பாதுகாக்கும் விதிகளைப் பின்பற்றுவதாக உறுதி தரும் ஏடி-1026 படிவத்தையும் கையோடு கொடுத்துவிடுங்கள், ஈக்விப், கடன் இரண்டுக்குமே அதைக் கேட்பார்கள்.