சுங்கை சிப்புட்டில் உடன்பிறந்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனை: ஊருக்கு வரும் தாதிகளுக்கு

வெளிநாட்டில் புற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் தாதிக்கே பிஆர்சிஏ2 (மார்பக, சினைப்பைப் புற்றுக்கு வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம்) என்று முடிவு வந்துவிட்டால், ஊர்ப் பயணத்தில் பாதி உடன்பிறந்தவர்களின் பரிசோதனைக்குப் போய்விடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொடங்க வேண்டிய இடம் 'கிளினிக் கெசிஹாத்தான்' எனும் அரசு சுகாதார நிலையம். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) உள்ளவருக்கு 1 ரிங்கிட். அங்கே கேட்க வேண்டியது மருந்தல்ல, ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம். மரபணு ஆலோசனைக்குப் பெரும்பாலும் கோலாலம்பூர்வரை போக வேண்டிவரும்.

ஆய்வக அறிக்கையை முழுசாகக் கொண்டுவாருங்கள். 'பாசிட்டிவ்' என்று டாக்டர் எழுதிய ஒருவரிக் கடிதம் உதவாது. மாற்றம் எந்த இடத்தில் என்று காட்டும், 'சி.' (c.) என்று தொடங்கும் குறியீடு இருந்தால் ஆய்வகம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கும். இல்லாவிட்டால் முழு மரபணுவையும் படிக்க வேண்டும், செலவு ஏறும். மரபணுவில் பெரிய துண்டே விடுபட்ட வகை என்றால் சாதாரணச் சோதனையில் அது தப்பிவிடலாம், வரும் 'நெகட்டிவ்'வை நம்ப முடியாது. 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று போட்டிருந்தால் அதை வைத்துத் தங்கைகளைச் சோதிப்பதில் பொதுவாகப் பயனில்லை.

ரத்தம் என்றால் ஊதா மூடிக் குழாயில் சில மில்லி. எச்சில் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் வாயில் படக்கூடாது, தே தாரிக் (இழுத்த டீ) கூட. அதே மாற்றம் இருக்க ஆளுக்கு 50 விழுக்காடு வாய்ப்பு. அண்ணன் தம்பிகளுக்கும் அதே கணக்கு. அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, அங்கேதான் சங்கிலி அறுகிறது.

உண்மையான சிக்கல் வம்சாவளி. தோட்டத்து வீட்டில் இறந்த பாட்டிகளின் சான்றிதழில் 'சாக்கிட் துவா' (முதுமை நோய்) என்றுதான் இருக்கும். கேட்டால் 'வயித்துல கட்டி' என்பார்கள். அதோடு விடாதீர்கள். வயிறு உப்பியதா, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வயிற்றுத் தண்ணி எடுத்தார்களா, அப்போது என்ன வயசு என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம். ஆலோசகரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய தகவல். அப்பா வழியையும் விடக்கூடாது. அத்தைகளுக்குப் புற்று வந்திருந்தால் அதுவே துப்பு.

முடிவு வரப் பல வாரம் ஆகும், அதற்குள் உங்கள் லீவு முடிந்திருக்கும். அது தங்கை பெயரில், தங்கை கைக்கே போகட்டும். தாதி என்பதற்காக நீங்கள் வாங்கி வாட்ஸ்அப்பில் விளக்குவது சரிவராது. அன்றைக்கு அவளோடு யார் கூடப் போவது என்பதை மட்டும் விமானம் ஏறும் முன் பேசி வையுங்கள்.