குளமா, கூரையா?

காங்கேயம் மாதிரி மழை குறைந்த சிறு நகரம் காலநிலைத் திட்டம் போட்டால், முதல் பணம் குளத்துக்கா, வீட்டுக்கூரை மழைநீருக்கா?

கூரைக் கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் மாடியில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர். சேதாரம் போகக் கொஞ்சம் குறையும். 2003-லேயே தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாச்சு. ஆனால் பல வீடுகளில் குழாய் மட்டும்தான் நிற்கிறது, தொட்டி மண்ணடைத்துக் கிடக்கிறது. (எங்கள் வீடும் அப்படித்தான்.)

குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்றெடுக்கும். அதற்குத் தூர்வாரினால் மட்டும் போதாது. வரத்து வாய்க்காலை மீட்டு, சாக்கடையைத் திருப்பிவிட வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

என் ஓட்டு வாய்க்காலோடு சேர்ந்த குளத்துக்கு. கூரைக்குப் பணம் வேண்டாம். ஐப்பசிக்கு முன் நகராட்சி ஆள் வந்து தொட்டியைத் திறந்து பார்த்தாலே போதும்.